ஹார்ட் டிஸ்க்கை மாற்றிப் போட்டு லேப்டாப் திரைக் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

திரை துடிக்கிறது, கோடு விழுகிறது, ஆன் செய்தால் ஒரே கறுப்பு என்று லேப்டாப்பைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் முதலில் கேட்கும் பதில், "பேனல் மாத்தணும்." பல நேரம் அது சரியாகவே இருக்கும். ஆனால் பேனல் நன்றாக இருக்கும்போதே அதை மாற்றிவிட்டு, இரண்டாம் நாள் அதே துடிப்பு திரும்பி வந்து தவித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் என் சித்தப்பா மகளின் லேப்டாப் அந்த நிலைக்குப் போகாமல் தப்பியது. அவளுடைய தோழியிடம் அதே மாடல் இருந்தது. இரண்டிலிருந்தும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மாற்றிப் போட்டோம். தோழியின் டிஸ்க்கோடு இவளுடைய திரை இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தது. இவளுடைய டிஸ்க் போன இடத்தில் தோழியின் திரை துடித்தது. டிஸ்ப்ளே டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டதோடு பிரச்சினை முடிந்தது. செலவு என்று எதுவும் இல்லை.

இந்தச் சோதனை ஏன் வேலை செய்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். புரியாமல் செய்தால் விடையைத் தப்பாகப் படித்துவிடுவோம்.

திரையில் ஒரு படம் தெரிய வேண்டுமானால் பல கைகள் மாற வேண்டும். விண்டோஸ் சொல்கிறது, டிஸ்ப்ளே டிரைவர் அதை மொழிபெயர்க்கிறது, கிராபிக்ஸ் சிப் வரைகிறது, மூடியின் கீல் வழியாகப் போகும் மெல்லிய கேபிள் கொண்டுபோகிறது, பேனல் காட்டுகிறது, அதன் பின்னால் இருக்கும் விளக்கு வெளிச்சம் தருகிறது. இதில் விண்டோஸும் டிரைவரும் டிஸ்க்கில் குடியிருப்பவை. மற்றவை எல்லாம் மெஷினோடு இருப்பவை. டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் போடும்போது இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துவிடுகிறோம். கோளாறு டிஸ்க்கோடு போகிறதா, மெஷினோடு தங்கிவிடுகிறதா? சோதனை கேட்கும் கேள்வி இது ஒன்றுதான்.

திருப்புளியை எடுக்கும் முன்

பாதிப் பிரச்சினைகள் லேப்டாப்பைத் திறக்காமலே பிடிபட்டுவிடும். ஆகவே இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

திரை கறுப்பாக இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டும் பட்டனை அழுத்திப் பாருங்கள். விண்டோஸ் பட்டனோடு 'பி'யை (ஆங்கில வரிசையில் பதினாறாவது எழுத்து) அழுத்தி, படம் வெளி மானிட்டருக்கு மட்டும் போகும்படி யாராவது மாற்றி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' (ஆங்கில வரிசையில் இரண்டாவது எழுத்து) நான்கையும் சேர்த்து அழுத்தினால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். அதில் திரை உயிர் பெற்றால் சந்தேகம் டிரைவர் பக்கம் சாய்கிறது. காந்தக் கொக்கி வைத்த வாட்ச் அல்லது வளையலைக் கையில் போட்டுக்கொண்டு கீபோர்டு ஓரத்தில் கை வைத்தாலும் திரை அணையும். மூடியை மூடியதைக் கண்டுகொள்ள அங்கே ஒரு காந்த உணரி இருக்கிறது. அது வாட்ச்சின் காந்தத்தையே மூடி என்று எண்ணிவிடும்.

அடுத்தது பயாஸ் திரை, அதாவது விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்புத் திரை. லேப்டாப்பை ஆன் செய்தவுடன் எஃப்2 (ஹெச்பியில் எஃப்10) அழுத்தினால் பயாஸ் திறக்கும். திறக்கவில்லை என்றால், ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து அங்கே வரும் மெனு வழியாகப் போகலாம். அந்தத் திரையை அப்படியே இருபது நிமிடம் விட்டு வையுங்கள். பயாஸ் ஓடும்போது விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அங்கேயே கோடு விழுந்தாலோ திரை துடித்தாலோ டிஸ்க்கின் மேல் குற்றம் இல்லை. மாற்றிப் போடும் வேலையே தேவையில்லை, நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

முழுக் கறுப்பாக இருக்கும் திரையில் செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ஐகான்களோ எழுத்துகளோ மங்கலாகத் தெரிந்தால் படம் வருகிறது, விளக்குதான் எரியவில்லை. அதுவும் மெஷின் பக்கத்துக் கோளாறு.

ஹெச்டிஎம்ஐ ஒயரைப் போட்டு வீட்டு டிவியில் பாருங்கள். டிவியில் படம் சுத்தமாக இருந்து லேப்டாப் திரை மட்டும் கெட்டிருந்தால் பேனல் அல்லது கேபிள் மேல் சந்தேகம் வலுக்கிறது. இரண்டிலும் ஒரே கோளாறு தெரிந்தால் கிராபிக்ஸ் சிப்பும் டிரைவரும் சந்தேக வட்டத்துக்குள் வருகின்றன.

கோடு தெரியும் நேரத்தில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து செல்போனுக்கு அனுப்பிப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. படம் கேபிளுக்குள் போவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் பிடிக்கப்படுகிறது. செல்போனில் அந்தப் படம் சுத்தமாக இருந்தால் கெடுதல் பெரும்பாலும் கேபிளிலோ பேனலிலோ நடக்கிறது. செல்போனிலும் கோடு தெரிந்தால் வரையும்போதே தப்பு நடந்திருக்கிறது.

மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் படம் வந்து இன்னொரு கோணத்தில் போனால் கேபிள்தான். 2016இல் வந்த 13 அங்குல மேக்புக் ப்ரோவில் இப்படி ஒரு கோளாறு பலருக்கு வந்தது. மூடியைத் திறந்து மூடும்போது கேபிள் தேய்ந்து, ஒரு கோணத்துக்கு மேல் திறந்தால் விளக்கு அணைந்துபோகும். கடைசியில் ஆப்பிளே 2019 மே மாதம் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டத்தை அறிவித்தது. இந்த மாதிரிக் கோளாறுக்கு டிஸ்க்கை நூறு முறை மாற்றினாலும் பயன் இல்லை.

டெல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 'டி' எழுத்தை அழுத்திப் பிடித்தபடி பவர் பட்டனை அழுத்தினால் பல மாடல்களில் திரை முழுக்க ஒவ்வொரு நிறமாக மாறி மாறி வரும். அது பேனல் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது. அந்த நிறங்களின் நடுவே கோடு தெரிந்தால் பேனல் போய்விட்டது.

இத்தனைக்குப் பிறகும் பயாஸில் சுத்தம், விண்டோஸில் துடிப்பு என்று குழப்பம் நீடித்தால்தான் டிஸ்க்கைக் கழற்ற வேண்டும்.

இரண்டு டிஸ்க்கும் ஒரே ஜாதிதானா?

பழைய லேப்டாப்களில் இருப்பது 2.5 அங்குல சாட்டா டிஸ்க். உள்ளங்கை அளவு இருக்கும். பருமன் 7 மில்லிமீட்டர் அல்லது 9.5 மில்லிமீட்டர். 7 இருக்கும் இடத்தில் 9.5 நுழையாது. புதியவற்றில் இருப்பது சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 எஸ்எஸ்டி. 2280 என்று எழுதியிருந்தால் அகலம் 22, நீளம் 80 மில்லிமீட்டர் என்று பொருள். எம்.2விலும் சாட்டா ஒன்று, என்விஎம்இ ஒன்று என இரண்டு இணைப்பு வகை உண்டு. பொதுவாக, தங்கப் பற்களுக்கு நடுவே இரண்டு வெட்டு இருந்தால் சாட்டா, ஒரு வெட்டு இருந்தால் என்விஎம்இ. சந்தேகம் வந்தால் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஒரு வகைக்கான இடத்தில் இன்னொரு வகையைப் போட்டால் மெஷின் அதைப் பார்க்காமல் போகலாம்.

சில விலை குறைந்த லேப்டாப்களிலும் புதிய மேக்புக்குகளிலும் சேமிப்புச் சிப்பு மதர்போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்ற வழியில்லை. அப்படிப்பட்ட விண்டோஸ் லேப்டாப்பில், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸைப் பென்டிரைவில் போட்டுப் பார்க்கும் வழி ஒன்றுதான் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது மெஷினுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஒரே மாடல் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. கிடைக்காவிட்டால், 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் பரணில் கிடக்கிறது. அவற்றில் பலவற்றில் சாட்டா டிஸ்க்தான். தூசி தட்டி சார்ஜரில் போட்டு, ஆன் ஆகிறதா, திரை நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த மெஷினோடு ஒப்பிட்டால்தான் சோதனைக்கு அர்த்தம்.

பூட்டும் பேக்அப்பும்

இதில் அவசரப்பட்டவர்கள் திரையைச் சரிசெய்யப் போய் கல்யாண ஆல்பத்தை இழந்திருக்கிறார்கள். முதலில் பேக்அப் எடுங்கள். திரை தெரியவில்லை என்றால் டிவியில் மாட்டிக்கொண்டாவது எடுங்கள்.

இரண்டாவது, பிட்லாக்கர். இப்போதைய விண்டோஸ் 11 லேப்டாப்களில் பலவற்றில் நம்மைக் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பூட்டின் சாவி அந்த மெஷினின் மதர்போர்டில் இருக்கிறது. டிஸ்க்கை வேறு மெஷினில் போட்டால் நீலத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி எண்ணைக் கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் அந்த எண்ணைத் தேடி, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு கை வையுங்கள். இரண்டு லேப்டாப்புக்கும் எழுதுங்கள். எண் இல்லை என்றால் அந்த டிஸ்க்கை இன்னொரு மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டாம். பயாஸ் அமைப்புகளையும் மாற்ற வேண்டாம், அதற்கும் அந்த எண்ணைக் கேட்டுவிடும்.

மூன்றாவது, முழுதாக அணைப்பது. விண்டோஸில் சாதாரணமாக ஷட்டவுன் கொடுத்தால் அடுத்த முறை சீக்கிரம் எழுந்திருப்பதற்காகத் தன் நிலையில் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுப் பாதித் தூக்கத்தில் போகும். அதே டிஸ்க்கை வேறு மெஷினில் எழுப்பினால் குழம்பும். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள், முழுதாக அணையும்.

லேப்டாப்பில் தண்ணீரோ காபியோ கொட்டியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, இன்னொருவரின் நல்ல டிஸ்க்கை அதில் போட வேண்டாம். கெட்ட மின்சாரம் நல்ல டிஸ்க்கையும் கொன்றுவிடும்.

கழற்றுதல்

சார்ஜரை எடுங்கள். பேட்டரி வெளியே கழறும் மாடல் என்றால் அதையும் எடுங்கள். பிறகு பவர் பட்டனை முப்பது நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள் (பேட்டரி உள்ளே இருக்கும் மாடலில் இதை அதன் கனெக்டரைக் கழற்றிய பிறகு செய்யுங்கள்). மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கோட்டுப் படமாக வரைந்துகொள்ளுங்கள். எந்த ஸ்க்ரூ எந்த இடத்திலிருந்து வந்ததோ அதைத் தாளில் அதே இடத்தில் வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஸ்க்ரூவின் ஓட்டையில் முடுக்கினால் மேல்பக்கம் கீபோர்டு அருகே பிளாஸ்டிக் புடைத்துக்கொள்ளும், சில நேரம் துளைத்தே விடும்.

எல்லா ஸ்க்ரூவும் எடுத்த பிறகும் மூடி வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். ரப்பர் கால்களின் அடியிலோ ஸ்டிக்கரின் அடியிலோ ஒன்று ஒளிந்திருக்கும். ஓரத்தைப் பழைய ஏடிஎம் கார்டால் நெம்புங்கள். இரும்பு திருப்புளி பிளாஸ்டிக்கைக் கடித்துவிடும். உள்ளே கை வைப்பதற்கு முன் பீரோ மாதிரி ஏதாவது ஒரு பெரிய இரும்பைத் தொட்டுவிட்டு வாருங்கள். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் போய்விடும். மூடி திறந்ததும் முதல் வேலை, உள்ளே இருக்கும் பேட்டரியின் கனெக்டரைக் கழற்றுவது.

2.5 அங்குல டிஸ்க்கைக் கனெக்டர் இருக்கும் திசையிலிருந்து நேராகப் பின்னுக்கு இழுங்கள். மேல்நோக்கித் தூக்கினால் கனெக்டர் உடையும். எம்.2வில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதை எடுத்ததும் பட்டை தானே சாய்வாக எழும்பும், அதே சாய்வில் உருவ வேண்டும்.

முதலில் டிஸ்க் இல்லாமலே ஆன் செய்யுங்கள்

இதைப் பலர் செய்வதில்லை. எனக்கு இது மாற்றிப் போடுவதைவிடவும் முக்கியம். டிஸ்க்கே இல்லாமல் பேட்டரியை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். நல்ல லேப்டாப் என்றால் கம்பெனி லோகோ வரும், பிறகு பூட் செய்ய எதுவும் இல்லை என்ற செய்தி வரும். அந்தச் செய்தி தெளிவாகத் தெரிந்தால் பேனலும் கேபிளும் விளக்கும் குறைந்தபட்சம் உயிரோடு இருக்கின்றன. கறுப்புத் திரை என்று நீங்கள் நினைத்தது, விண்டோஸை எழுப்ப முடியாமல் டிஸ்க் திணறியதாக இருக்கலாம். சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க் லோகோவோடு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும், அல்லது மவுஸ் அம்பு மட்டும் தெரியும் கறுப்புத் திரையோடு நிற்கும். வீட்டில் எல்லோரும் அதை டிஸ்ப்ளே போய்விட்டது என்றே சொல்வார்கள்.

டிஸ்க் இல்லாமலும் லோகோகூட வராமல் கறுப்பாகவே இருந்தால் டிஸ்க்கை விட்டுவிடுங்கள். பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு ரேமைக் கழற்றி, அதன் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டிப் பாருங்கள். கறுப்புத் திரைக்கு ரேம் சரியாக உட்காராதது ஒரு முக்கியக் காரணம்.

மாற்றிப் போடுதல்

மெஷினை அணைத்து, பேட்டரி கனெக்டரை மறுபடி கழற்றிவிட்டு, கோளாறு உள்ள மெஷினில் நல்ல மெஷினின் டிஸ்க்கைப் போடுங்கள்; பிறகு பேட்டரியை மாட்டுங்கள். ஆன் செய்ததும் சாதனங்களைத் தயார்செய்கிறேன் என்று விண்டோஸ் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும், ஒருமுறை தானே ரீஸ்டார்ட் ஆகலாம். பொறுமையாக இருங்கள். விண்டோஸ் அனுமதி இல்லை என்று ஓரத்தில் எழுத்து வந்தாலும் பதற வேண்டாம். அந்த அனுமதி மதர்போர்டோடு கட்டப்பட்டது, டிஸ்க் சொந்த வீட்டுக்குத் திரும்பியதும் வழக்கமாகச் சரியாகிவிடும்.

எழுந்திருக்காமல் நீலத் திரையில் பூட் டிவைஸை எட்ட முடியவில்லை என்று வந்தால், இரண்டு மெஷினின் சேமிப்பு முறை வேறு. ஒன்றில் ஏஹெச்சிஐ, இன்னொன்றில் ரெய்டு என்று பயாஸில் இருக்கும். பூட் டிஸ்க்கையே காணோம் என்றால் ஒரு மெஷினின் பூட் முறை யூஇஎஃப்ஐ, மற்றதன் முறை பழைய லெகஸியாக இருக்கலாம். தெரிந்தவர்கள் அதைத் தற்காலிகமாக மாற்றி, முடிந்ததும் மறக்காமல் பழையபடி வைக்கலாம். புதியவர்களுக்கு நான் சொல்வது, இங்கே மல்லுக்கட்ட வேண்டாம். உபுண்டு அல்லது லினக்ஸ் மின்ட்டை 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் பெரும்பாலான கிராபிக்ஸ் சிப்புகளுக்கான டிரைவரைத் தன்னோடே கொண்டுவருகிறது. கோளாறு உள்ள மெஷினுக்குள் வேறொரு டிஸ்க்கைப் போட்ட பலன் இதில் கிடைத்துவிடும். டிஸ்க்கைக் கழற்ற முடியாத விண்டோஸ் லேப்டாப்புக்கும் இதுதான் வழி.

விடையைப் படிப்பது

அந்நிய டிஸ்க்கைப் போட்ட பிறகும் அதே கோடு, அதே துடிப்பு வந்தால் மெஷின்தான் குற்றவாளி. இந்த விடையை நம்பலாம். ஒரே பழுது இரண்டு வேறு விண்டோஸில் ஒரே மாதிரி வருவது அரிது.

அந்நிய டிஸ்க்கோடு திரை சுத்தமாக இருந்தால்தான் கவனம் வேண்டும். வேறு மாடலின் டிஸ்க்கில் இந்த மெஷினின் கிராபிக்ஸ் சிப்புக்கான டிரைவர் இருக்காது. விண்டோஸ் தற்காலிகமாக ஓர் அடிப்படை டிரைவரை வைத்து ஓட்டும். அது சிப்பை முழு வேலை வாங்காது. பலவீனமான சிப், வேலை இல்லாதவரை நல்ல பிள்ளையாக இருக்கும். ஆகவே இணைய இணைப்புக் கொடுத்து சரியான டிரைவர் ஏறும்வரை காத்திருங்கள். பிறகு ஒரு மணி நேரமாவது வீடியோ ஓடவிடுங்கள், லேப்டாப் நன்றாகச் சூடாகட்டும். அப்போதும் சுத்தம் என்றால் டிஸ்க் பக்கத்துக் கோளாறு என்று சொல்லலாம்.

அதேபோல, உங்கள் டிஸ்க்கை நல்ல மெஷினில் போட்டுத் திரை சுத்தமாக இருந்ததாலேயே டிஸ்க் நிரபராதி ஆகிவிடாது. அங்கே வேறு சிப், வேறு டிரைவர். பழைய டிரைவரில் இருந்த பிழை அங்கே வெளிவராமலே போகலாம். கோளாறு தெரிந்தால் அது வலுவான சாட்சி, தெரியாமல் இருப்பது பலவீனமான சாட்சி. ஒரே மாடலைத் தேடுங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்து, சொந்த டிஸ்க்கைத் திரும்பப் போட்ட பிறகும் கோளாறு வரவில்லை என்றால் கழற்றி மாட்டியதில் ஏதோ ஒரு கனெக்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள்.

அதன் பிறகு

டிஸ்க் பக்கம் என்று தெரிந்தால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து டிரைவரைப் பழைய பதிப்புக்குத் திருப்பிப் பாருங்கள். முடியாவிட்டால் நீக்கிவிட்டு, லேப்டாப் தயாரித்த கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணுக்கு உரிய டிரைவரைப் போடுங்கள். இன்டெல் கிராபிக்ஸில் 'பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ்' என்ற மின்சேமிப்பு வசதி சில பேனல்களோடு ஒத்துப்போகாமல் துடிப்பைக் கிளப்பும். இன்டெல் கிராபிக்ஸ் செயலியில் அதை அணைத்தாலே நின்றுவிட்ட மெஷின்களைப் பார்த்திருக்கிறேன்.

மெஷின் பக்கம் என்றால், டிவியில் பார்த்த சோதனையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். டிவியிலும் கெட்டிருந்தது என்றால் சிப் அல்லது ரேம். 2008 ஜூலையில் என்விடியா தன் லேப்டாப் சிப்புகள் சிலவற்றில் பொதிவுப் பொருள் பலவீனம் இருந்ததை ஒப்புக்கொண்டு 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து உள்ளே இணைப்பு விட்டுப்போகும். அந்த மாதிரிச் சிப்பைச் சூடு காட்டி எழுப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள். சில வாரம் ஓடும், மறுபடி படுத்துவிடும்.

டிவியில் சுத்தமாக இருந்தால் முதலில் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டச் சொல்லுங்கள், பிறகு புதுக் கேபிள், கடைசியாகப் பேனல். பேனல்தான் என்று முடிவானால், கடைக்குப் போகும் முன் பழைய பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் மாடலைச் சொல்லி வாங்கினால் மாறிப்போகும், ஒரே மாடலுக்குள் இரண்டு மூன்று வகைப் பேனல் வந்திருக்கும். ஸ்டிக்கரில் இருக்கும் பேனல் எண், கனெக்டர் 30 பின்னா 40 பின்னா, 1366க்கு 768 புள்ளியா 1920க்கு 1080 புள்ளியா, பக்கவாட்டில் ஸ்க்ரூ முடுக்கும் காது இருக்கிறதா இல்லையா என்ற நான்கையும் சொல்லிக் கேளுங்கள். புதுப் பேனலை மூடி பொருத்துவதற்கு முன்பே ஆன் செய்து, வெள்ளைத் திரையிலும் கறுப்புத் திரையிலும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.